பச்சை விளக்கும் பிள்ளையார் சுழியும்

'அலகுச் சோதனை' என்ற தொடரை முதன்முதலாகக் கேட்டபோது பறவையின் மூக்கைத்தான் நினைத்துக்கொண்டேன். தமிழ் இலக்கியம் படித்துவிட்டுப் பிழைப்புக்காகக் கணினி நிறுவனத்தில் நுழைந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? பெரிய நிரல் ஒன்றைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தனக்கு இட்ட வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க எழுதப்படும் குட்டி நிரல்களுக்கு அப்பெயர் என்று பின்னர் அறிந்தேன். 'யூனிட் டெஸ்ட்' என்றால்தான் அலுவலகத்தில் எவருக்கும் விளங்கும். சில ஆண்டுகள் அவற்றோடு பழகிய பிறகு, என் முதல் எண்ணமே சரியென்று தோன்றுகிறது. எங்களிடம் இருந்தவை, தாமே இறைத்த தானியத்தைத் தாமே கொத்திப் பார்த்து, ஆகா தானியம் இருக்கிறது என்று கூவிய பறவைகள்.

எங்கள் அலுவலகம் படப்பையில், கைப்பேசிக் கடையொன்றின் மாடியில் இருந்தது. ஒரகடத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளின் இயந்திரங்களுக்குக் கட்டளையிடும் நிரல்களை எழுதித் தருவது எங்கள் தொழில். தொழிலாளர் பார்க்கும் திரையில் வரும் தமிழ் வாக்கியங்களை எழுதுவதற்காக என்னை எடுத்திருந்தார்கள். 'கதவை மூடவும்', 'பொருளை வைக்கவும்' என்று எழுதிக்கொண்டிருந்தவனை, எதையும் இரண்டு முறை படிக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காகச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு முறை படிக்கும் வழக்கம் வேறு எவருக்கும் இல்லை. ஒரு முறை படிக்கும் வழக்கமே அரிது.

திட்டத் தலைவர் என்னைவிட இளையவர். என்னைப் 'புலவரே' என்று அழைப்பார். அவ்விளியில் மரியாதை சிறிதும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அலுவலக வாசலுக்கு எதிரே பெரிய தொலைக்காட்சி ஒன்றை மாட்டி, சோதனை முடிவுகளை அதில் ஓடவிட்டிருந்தார். தேறிய சோதனைக்குப் பச்சை, தேறாததற்குச் சிவப்பு. சிவப்பை நான் அத்திரையில் கண்டதே இல்லை. வாடிக்கையாளர் எவரேனும் வந்தால் காப்பி வருவதற்கு முன்னரே அந்தப் பச்சை வந்துவிடும். "பாத்தீங்களா சார், ஒண்ணு கூட ஃபெயில் கிடையாது" என்பார். அந்தச் சோதனைகள் எதைச் சோதிக்கின்றன என்று வந்தவர்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவராலும் சொல்லியிருக்க முடியாது. பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் தெருவெல்லாம் சொல்லித் திரிந்து, பிள்ளை என்ன படிக்கிறது என்று அறியாத தகப்பனின் பெருமை அது.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்று எங்கள் நிரலை வாங்கியிருந்தது. சட்டத்தின் போல்ட்டுகளை முடுக்கும் கருவிக்கு, எவ்வளவு விசையோடு முடுக்க வேண்டும் என்று சொல்வது அந்நிரலின் வேலை. நிரலுக்கு அதைச் சொல்வது ஓர் அமைவுக் கோப்பு. 'செட்டிங்ஸ் ஃபைல்' என்று தொழிற்சாலையில் வழங்குவார்கள். வரிக்கு ஒரு செய்தியாக, 'விசை = 42' என்பதுபோல், சில வரிகள்; அவ்வளவே. கார் வகை மாறும்போது பணியிலிருக்கும் டெக்னீஷியன் அக்கோப்பில் எண்களை மாற்றிச் சேமிப்பார். புத்தம்புதிய வகை வந்தால் அதற்கெனப் புதுக்கோப்பு ஒன்றை எழுத வேண்டும். நிரல் அதைப் படித்துக்கொண்டு கருவியை ஏவும். குறித்த விசை வந்ததும் திரையில் பச்சை எரியும். எண் எதுவும் திரையில் வராது. எண்ணைக் கண்டால் தொழிலாளர் குழம்பிவிடுவார்கள் என்பது எங்கள் திட்டத் தலைவரின் கண்டுபிடிப்பு.

ஒரு நாள், அத்தொழிற்சாலையிலிருந்து போன லாரி சரக்கோடு திரும்பி வந்தது. கார் தொழிற்சாலையின் வாயிலில் சோதித்தவர்கள், போல்ட்டுகள் கையாலேயே சுழல்வதைக் கண்டு திருப்பிவிட்டார்கள். அன்றுதான் புதிய கார் வகைக்கான சட்டங்கள் முதன்முதலாகப் போயிருந்தன. அதற்குரிய புதுக்கோப்பை எழுதியவள், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து வடக்குப்பட்டில் வாடகை அறையில் தங்கியிருந்த பெண். டிப்ளமோ படித்தவள், ஒப்பந்தக்காரர் வழியாக வேலைக்கு வந்தவள். தொழிற்சாலையின் சொந்தப் பணியாளராக எடுத்துக்கொள்ளும் ஆணை அவளுக்கு அம்மாதம் வரவேண்டும். 'ரோல் கிடைப்பது' என்று அங்கே சொல்வார்கள். ஒரகடத்து வாடகை அறைகளில் அதைவிட அதிகமாக உச்சரிக்கப்படும் சொல் வேறில்லை.

லாரி திரும்பியதும் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். 'விசை = 42' என்று சரியாகவே இருந்தது. சரியாக இருந்ததே அவளுக்கு வினையாயிற்று. செய்தி கேட்டுப் பதறி ஓடிய அவள், மற்றவர்கள் வருமுன்னரே அக்கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, மூடும்போது கைப்பழக்கத்தில் சேமித்தும்விட்டாள். கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம், லாரி திரும்பிய பின்னர் என்று கணினி காட்டியது. ஆகவே, முதலில் தவறாக எழுதியிருக்கிறாள், அகப்பட்டதும் திருத்தியிருக்கிறாள், இப்போது பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். முடுக்கும் கருவியை நிறுத்திவைத்தார்கள். மறுநாள் காலை, பணி தொடங்குமுன் தொழிலாளர் அனைவரும் வரிசையில் நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் கூட்டத்தில், அவள் பொய் சொல்கிறாள் என்று மேற்பார்வையாளர் அவளை வைத்துக்கொண்டே, பெயரைச் சொல்லி அறிவித்தும்விட்டார்.

அன்று முற்பகலில் எங்களை அழைத்தார்கள். திட்டத் தலைவரின் காரில் போனேன். வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "நம்ம சைடுல ஒண்ணுமே இல்ல புலவரே. ஃபைலப் படிக்கிற ரீடிங் மாட்யூல் ஃபுல்லா டெஸ்ட் இருக்கு."

கூட்ட அறையின் வெள்ளைப் பலகையில் மீன்முள் வரைந்திருந்தார்கள். பிழையொன்று நேர்ந்தால் அதன் காரணத்தைத் தேடுவதற்கு இத்தொழிற்சாலைகள் எல்லாம் வரையும் படம் அது. தலைப்பக்கம் பிழையை எழுதுவார்கள். முட்களுக்கு மேன், மிஷின், மெட்டீரியல், மெத்தட் என்று பெயரிட்டு, ஒவ்வொரு முள்ளிலும் ஐயத்துக்குரிய காரணங்களை எழுதுவார்கள். நான் அறைக்குள் நுழைந்தபோது மற்ற மூன்று முட்களும் வெறுமையாக இருந்தன. 'மேன்' என்ற முள்ளில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. ஆண்பாற் சொல்லின்கீழ் ஒரு பெண்ணை எழுதிவிட்டு, ஆராய்ச்சி முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் பொறியியல் பட்டம் பெற்றவர்கள்.

இருவர் என்றது, தரப் பிரிவின் மேலாளரான அம்மையாரும் மேற்பார்வையாளரும். எங்கள் திட்டத் தலைவர் போனதும் அவர்களோடு அமர்ந்துகொண்டார். அந்தப் பெண் சுவரோரம் நின்றிருந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

மேற்பார்வையாளர் ஒரகடத்துப் பக்கத்துக்காரர். அவருக்குக் குரலைத் தாழ்த்தவே தெரியாது. "இன்னாம்மா, போல்ட்டு லூசா கீது, ஃபைலு கரெக்டா கீது. ராத்திரி பேய் வந்து திருத்திட்டுப் போச்சா?"

"நான் மொதல்லயே நாப்பத்திரெண்டுன்னுதான் சார் அடிச்சேன்."

"அப்போ போல்ட்டு ஏன் கையில சுத்துது?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? பச்சை வந்திச்சு. பச்சை வந்தா அடுத்ததுக்குப் போன்னு நீங்கதான சொல்லியிருக்கீய."

"பச்சை வந்தா போன்னு சொல்லிக்கீறேன். கரெக்டா அடின்னும் சொல்லிக்கீறேன்ல?"

"கரெக்டாத்தான் அடிச்சேங்கேன். எத்தனை மட்டம் சொல்ல?"

திட்டத் தலைவர் கனைத்துக்கொண்டார். "மேம், எங்க சைடு ஒரு டெஸ்ட் கூட ஃபெயில் இல்ல. இது ப்யூரா ஹியூமன் எரர்தான்."

அந்த வாக்கியத்தில் இருந்த நிம்மதியை என் வாழ்நாளில் மறக்க முடியாது. பிழை மனிதனுடையது என்று சொல்லிவிட்டால் நிரலை எழுதியவர்கள் மனிதர்கள் அல்லர் என்று ஆகிவிடும்போலும்.

தரப் பிரிவு மேலாளர் பலகையிலிருந்து திரும்பினார். சனிக்கிழமைக்குள் காரணத்தைக் கார் நிறுவனத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்றும், வேறு காரணம் தெரியாவிட்டால் அந்தப் பெண்ணை ஒப்பந்தக்காரரிடமே திருப்பி அனுப்புவதாகவும் சொன்னார். அதன் பொருள் அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர்வரை ஒப்பந்தக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்கள். எண்ணைத் திருத்திவிட்டுப் பொய் சொன்னவள் என்று வெளியே வந்தவளுக்கு அந்த நெடுஞ்சாலையில் எந்த வாயிலும் திறக்காது.

அமைவுக் கோப்பின் படி ஒன்றை வாங்கிக்கொண்டேன். அங்கேயே ஒரு முறை படித்தேன். விசை சரி. போல்ட்டுகளின் எண்ணிக்கை சரி. திரையில் காட்ட வேண்டிய தமிழ் வாக்கியமும் சரி. அது நான் எழுதியதுதான். அந்த வாக்கியத்துக்காகத்தான் அக்கணினியில் தமிழ்த் தட்டச்சு வைத்திருந்தார்கள். படப்பைக்குத் திரும்பி இரண்டாம் முறை படித்தபோதுதான், நான் படிக்கத் தொடங்கியது கோப்பின் இரண்டாம் வரியிலிருந்து என்று தெரிந்தது. முதல் வரியில் வேறொன்றும் இல்லை. ஓர் 'உ' மட்டும் இருந்தது.

பிள்ளையார் சுழி. தமிழர் கண்ணுக்கு அது எழுத்தே அன்று. தாளின் ஓரம் எப்படித் தாளோ அப்படி அதுவும் தாள். கோப்பைத் திறந்து பார்த்த அத்தனைபேரும் அதைப் பார்த்திருந்தார்கள், ஒருவர்கூடப் படிக்கவில்லை. படித்தது நிரல் ஒன்றுதான்.

தொலைபேசியில் அவளைக் கேட்டேன்.

"ஆமா அண்ணாச்சி, நான்தான் போட்டேன். புது மாடலு, புது ஃபைலு. சுழி போடாம எப்படித் தொடங்க?"

"பழைய கோப்புகளில் போட்டதில்லையா?"

"அதெல்லாம் ஏற்கெனவே இருந்தது. நம்பரை மட்டும் மாத்துவேன். இதுதான் நானா தொடங்கினது." உடனே, "ஏன் அண்ணாச்சி, அதுல ஏதும் தப்பா?" என்றாள்.

அதற்கு விடை சொல்லுமுன், கோப்பைப் படிக்கும் நிரலையும் அதைச் சோதிக்கும் நிரல்களையும் படிக்க உட்கார்ந்தேன். சமநிலை பிசகாமல் அதைப் பற்றி எழுதுவது கடினம், முயல்கிறேன்.

நிரல் ஒவ்வொரு வரியையும் சமக்குறியில் இரண்டாகப் பிளக்கிறது. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் எண். 'உ' என்ற வரியில் சமக்குறி இல்லை. பிளக்க முடியாமல் நிரல் இடறுகிறது. இடறிய நிரல் என்ன செய்ய வேண்டும்? எந்த வரியில் இடறினேன் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். எங்கள் நிரல் என்ன செய்தது தெரியுமா? முழுக்கோப்பையும் ஓசைப்படாமல் எறிந்துவிட்டு, கோப்பில் எதுவும் கிடைக்காதபோது பயன்படுத்துவதற்கென்று உள்ளே பதுக்கிவைத்திருந்த எண்களை எடுத்துக்கொண்டது. விசைக்கு அங்கே இருந்த எண் பதினெட்டு. தொடக்க நாளில் அலுவலக மேசைமேல் நெகிழிப் பலகை ஒன்றில் திருகி விளையாடியபோது எவரோ இட்ட எண். நாற்பத்திரண்டு என்று அவள் எழுதியதை நிரல் படிக்கவே இல்லை. பதினெட்டு விசையில் முடுக்கி, பதினெட்டு வந்ததும், வேண்டியது வந்துவிட்டது என்று பச்சை காட்டியது.

இப்படிப் பதுக்கிவைக்கும் எண்ணை ஆங்கிலத்தில் 'டீஃபால்ட்' என்பார்கள். கடனைக் கட்டத் தவறியதற்கும் அதே சொல்தான். தவறு என்ற பொருளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் நேர்மையான சொல். தமிழில் அதை 'இயல்பு மதிப்பு' என்று எழுதுகிறோம். பதினெட்டில் என்ன இயல்பு இருக்கிறது? எந்த இரும்பின் இயல்பு அது? அறியாமைக்கு இயல்பு என்று பெயர்சூட்டிய மொழிபெயர்ப்பாளர் எவரோ, அவரை நான் ஒரு நாளும் மன்னிக்கப்போவதில்லை.

சோதனைகளோ இதைவிடக் கீழ்மையானவை. கோப்பைப் படிப்பதற்கென்று எழுதிய சோதனைகள் எல்லாம் ஒரே வார்ப்பு. சோதனையே ஒரு கோப்பை எழுதும், அப்பழுக்கில்லாமல், தனக்குப் பிடித்த வடிவில். உடனே நிரலைவிட்டு அதைப் படிக்கச் சொல்லும். எழுதிய எண்ணே திரும்பி வந்தால் பச்சை. தானே வினாத்தாள் எழுதி, தானே விடை எழுதி, தனக்குத்தானே மதிப்பெண் இட்டுக்கொள்ளும் தேர்வு. மனிதக் கை சேமித்த கோப்பு ஒன்றுகூட அவற்றுள் இல்லை. மனிதர் கோப்பில் இடைவெளி விடுவர், ஒரு வரியை மறந்துபோவர், தெய்வத்தை வணங்கித் தொடங்குவர் என்ற எண்ணம் எழுதியவர்களுக்கு வந்ததற்கு அடையாளமே இல்லை.

அவற்றுள் ஒன்று மட்டும் வேறு வகை. சிதைந்த கோப்பைக் கொடுத்தால் நிரல் என்ன செய்கிறது என்று பார்ப்பது அது. படிக்கத் தொடங்கும்போது எனக்கு நம்பிக்கை பிறந்தது. முடிவில், சிதைந்த கோப்பைக் கண்டால் நிரல் சத்தமில்லாமல் பதினெட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், அப்படிச் செய்தால் பச்சை, செய்யாவிட்டால் சிவப்பு என்று எழுதியிருந்தது. அதாவது, நிரல் பொய் சொல்லத் தவறாமல் இருக்கிறதா என்று நாள்தோறும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது நாள்தோறும் தேறிக்கொண்டிருந்தது.

புதிய சோதனை ஒன்றை எழுதினேன். அந்தப் பெண் சேமித்த கோப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் வைத்து, விசை நாற்பத்திரண்டு என்று வருகிறதா என்று கேட்டேன். ஓட்டினேன். பதினெட்டு வந்தது. வாசலுக்கு எதிரேயிருந்த தொலைக்காட்சியில் முதன்முதலாகச் சிவப்பு எரிந்தது.

திட்டத் தலைவர் அறையிலிருந்து ஓடிவந்தார். நான் விளக்கினேன். அவர் முகம் வெளுத்து, உடனே தேறியது.

"புலவரே, இது எட்ஜ் கேஸ், லட்சத்துல ஒண்ணு. யாராவது செட்டிங்ஸ் ஃபைல்ல சாமி எழுத்து எழுதுவாங்களா? மூட நம்பிக்கைக்கெல்லாம் டெஸ்ட் எழுத முடியுமா?"

அவருக்குப் பின்னால், எங்கள் நிரல்கள் அனைத்தும் இருக்கும் கணினியின் நெற்றியில் ஆயுத பூசையன்று அவர் கையால் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. இராகு காலத்தில் எந்த நிரலையும் வெளியிடாதவர் அவர். இதைச் சொல்லிக்காட்ட எனக்கு விருப்பம் இருந்தது. அவர் வாதம் எதிர்ப்பேச்சுக்குத் தகுதியுள்ளதாக இல்லாததால் விட்டுவிட்டேன்.

"அந்தப் பெண் எழுதிய எண் சரி. நம் நிரல்தான் படிக்கவில்லை. அதைச் சொல்லிவிடலாம்" என்றேன்.

"சொல்லிட்டு? பில் பாஸ் ஆகுமா? அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம ஃபிக்ஸ் பண்ணிடலாம். மொதல்ல அந்தச் சிவப்பத் தூக்குங்க, க்ளையன்ட் யாராவது வந்துடப்போறாங்க."

"அவளைச் சனிக்கிழமை அனுப்பிவிடுவார்களே."

"கான்ட்ராக்ட் பொண்ணுதானே சார், வேற எடத்துல கெடைக்கும்." சார் என்று அழைத்தார். அச்சம் வரும்போது மட்டும் நான் அவருக்குச் சார் ஆவேன்.

சோதனையை நீக்க முடியாது என்றேன். அதைப் பச்சையாக்கவாவது செய்கிறேன் என்று தாமே உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் பச்சை எரிந்தது. என்ன செய்திருக்கிறார் என்று பார்த்தேன். முதல் வரி 'உ' என்றிருந்தால் அதைத் தாண்டிப் போ என்று நிரலில் எழுதியிருந்தார். அதற்குமேல் அவர் சிந்திக்கவில்லை.

நான் இன்னொரு சோதனை எழுதினேன். அத்தொழிற்சாலையில் கிறித்தவப் பிள்ளைகளும் பலர். தாளின் தலையில் சிலுவை போட்டுத்தான் எழுதத் தொடங்குவார்கள். முதல் வரியில் ஒரு சிலுவைக் குறி. சிவப்பு. அவர் முணுமுணுத்துக்கொண்டே சிலுவையையும் சேர்த்தார். பச்சை. இசுலாமியர் தாளின் தலையில் இடும் 786 என்று எழுதினேன். சிவப்பு. சேர்த்தார். 'முருகன் துணை', 'சிவமயம்', 'ஓம்'. அவர் விரல்கள் சலித்தன. நிரலுக்குள்ளே சர்வமத ஆலயம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. எந்தத் தெய்வத்துக்கும் அதில் இடமுண்டு, அந்தப் பெண்ணின் நாற்பத்திரண்டுக்கு மட்டும் உறுதியில்லை. கடைசியாக, தெய்வங்களை விட்டுவிட்டு, இரண்டாம் வரியில் ஒரு சமக்குறியை மட்டும் நீக்கிக் கொடுத்தேன். கை தவறினால் எவர்க்கும் நேர்வது. மீண்டும் பதினெட்டு.

"இதுக்கு என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று கத்தினார்.

"புரியாத வரியைக் கண்டால் நிற்க வேண்டும். எந்த வரி என்று சொல்ல வேண்டும். பதினெட்டு என்ற எண்ணே நிரலில் இருக்கக் கூடாது."

"நின்னா ப்ரொடக்‌ஷன் லைனே நிக்கும் சார்! லைன் நிக்கவே கூடாதுன்னுதான் அவங்களே கேட்டாங்க!"

அது உண்மை. அதனால்தான், கேட்டவர்களிடமே காட்டிவிட, மறுநாள் அவருக்கு முன்னரே தொழிற்சாலைக்குப் போனேன்.

தரப் பிரிவு மேலாளரையும் மேற்பார்வையாளரையும் முடுக்கும் கருவிக்கு அருகே வரச்சொன்னேன். அந்தப் பெண்ணையும் அழைத்தேன். அவளுடைய கோப்பை அப்படியே வைத்து ஒரு சட்டத்தை முடுக்கினோம். பச்சை எரிந்தது. மேற்பார்வையாளர் போல்ட்டைக் கையால் திருகினார், சுழன்றது. முதல் வரியை மட்டும் அழித்துவிட்டு வேறொரு சட்டத்தை முடுக்கினோம். அதே பச்சை. திருகினார், அசையவில்லை. இன்னொரு கையையும் சேர்த்துத் திருகினார்.

"இன்னா சார் இது! புள்ளையாரப் பாத்து மிஷினு பயந்துக்கிச்சா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின நாள் முதல் அவள் முகத்தில் நான் கண்ட முதற்சிரிப்பு அது, உடனே அடக்கிக்கொண்டாள்.

அதற்குள் திட்டத் தலைவர் வந்து சேர்ந்தார். "மேம், அப்படி ஒரு கேரக்டர் வரும்னு நாங்க எக்ஸ்பெக்ட் பண்ணல."

"எக்ஸ்பெக்ட் பண்ணாதது வந்தா சொல்லணுமா, மறைக்கணுமா?" என்றார் மேலாளர்.

"லைன் நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேம் எழுதிக் குடுத்தீங்க."

எழுதிக்கொடுத்தது மேலாளர்தான். நிற்காமல் ஓடுவது என்ற ஒன்றையே எல்லாரும் வேண்டியிருந்தார்கள். எதைச் செய்துகொண்டு ஓடுவது என்று கேட்க எவருக்கும் ஓய்வில்லை. தவறு நேர்ந்தபோது மட்டும், ஓட்டத்தை நிறுத்தி ஒருத்தியைக் கண்டுபிடிக்க அனைவருக்கும் நேரம் இருந்தது.

கடைசியில் மேலாளர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ போய் வேலையப் பாரும்மா. உன் ரோல் பேப்பர்ல எந்த மாத்தமும் இல்ல" என்றார். நாங்கள் நிரலை மாற்றித் தரவேண்டும் என்றும், புரியாத வரியைக் கண்டால் அது நிற்க வேண்டும் என்றும் திட்டத் தலைவரிடம் சொன்னார். பலகையில் 'மேன்' என்ற முள்ளிலிருந்த பெயரை அழித்து, 'மெத்தட்' என்ற முள்ளில் 'கோப்பில் தேவையற்ற எழுத்து' என்று எழுதினார்கள். 'மிஷின்' என்ற முள் கடைசிவரை வெறுமையாகவே இருந்தது. எங்கள் நிரலுக்கு அந்த மீனில் ஒரு முள்கூட ஒதுக்கவில்லை.

நிரலை நான் கேட்டபடியே மாற்றினார்கள். நிற்கும்போது திரையில் என்ன சொல்வது என்பதில் கடைசிப் போர் நடந்தது. 'செல்லாத உள்ளீடு கண்டறியப்பட்டுள்ளது' என்று திட்டத் தலைவர் எங்கிருந்தோ ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்தார். யாரால் கண்டறியப்பட்டது, எங்கே கண்டறியப்பட்டது, கண்டறிந்தபின் நான் என்ன செய்வது என்று எதுவும் சொல்லாத வாக்கியம். குற்றம் செய்தவன் காவல் நிலையத்தில் பேசும் இலக்கணம். அதை அடித்துவிட்டு, 'முதல் வரி எனக்குப் புரியவில்லை. திருத்தும்வரை முடுக்க மாட்டேன்' என்று எழுதினேன். இயந்திரம் 'நான்' என்று சொல்லலாமா என்றார். பிழைக்குப் பொறுப்பேற்க அலுவலகத்தில் வேறு எவரும் முன்வராத நிலையில் அதுவாவது சொல்லட்டும் என்றேன்.

புதிய நிரலை ஏற்ற, சனிக்கிழமை காலை நானும் அவரும் தொழிற்சாலைக்குப் போனோம். காலைக் கூட்டம் அப்போதுதான் தொடங்கியது. தொழிலாளர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். தென்னாட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், ஒரகடத்துச் சுற்றூர்க்காரர்கள் ஒரு பக்கம். அந்தப் பெண் மூன்றாம் வரிசையில் நின்றாள். மேற்பார்வையாளர் அன்றைய எண்ணிக்கையைச் சொன்னார், பாதுகாப்பு உறுதிமொழி சொன்னார். பிறகு, தொண்டையைச் செருமினார்.

"லாரி மேட்டரு முடிஞ்சிச்சு. சாஃப்ட்வேருல ஏதோ சின்னப் பிராப்ளம். அதுல யார் மேலயும் தப்பு இல்ல. இனிமே ஃபைல்ல யாரும் சாமி எழுத்து எழுதாதீங்க. ஓகேவா?"

யார்மேலும் தவறில்லை. திட்டத் தலைவர் அவ்வாக்கியத்தைக் கேட்டு மெல்ல மூச்சுவிட்டார். அத்தனைபேர் முன்னிலையில் ஒருத்தியின் பெயரைச் சொல்லிப் பொய்க்காரி என்றவர்கள், இப்போது பெயரே இல்லாத ஒரு வாக்கியத்தில் எல்லாரையும் சேர்த்து விடுவித்துக்கொண்டிருந்தார்கள். விடுவிக்கப்பட்டவர்களில் முதல்வர் என் அருகில் நின்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றாள் அந்தப் பெண், வரிசையிலிருந்து.

"இன்னாம்மா?"

"யார் மேலயும் இல்லன்னு சொல்லாதீங்க. எம்மேல இல்லன்னு சொல்லுங்க."

"அதானம்மா சொன்னேன். யார் மேலயும்னா ஒன் மேலயும்தான?"

"அன்னைக்கு யாரோ ஒருத்தி பொய் சொல்லுதான்னா சொன்னீய? எம் பேரைத்தான சொன்னீய?"

வரிசையில் சலசலப்பு எழுந்தது. மேற்பார்வையாளர் மேலாளரின் அறைப் பக்கம் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திட்டத் தலைவர் தலையைத் தூக்கவில்லை.

"சரி தாயி" என்றார் மேற்பார்வையாளர், முதன்முறையாகத் தாழ்ந்த குரலில். அவள் பெயரைச் சொல்லி, "ஒன் மேல தப்பு இல்ல. நீ கரெக்டாத்தான் அடிச்சே. போதுமா?" என்றார்.

"பின்னாடி கேக்கல சார்" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் அதை இன்னொரு முறை, இம்முறை உரக்க, சொல்ல வேண்டியதாயிற்று.